பாலத்தில் தட்டியவன்

டக், டக், டக். பின்னால் வந்தவன் பாலத்தின் மேல்கூடத் தடியைத் தட்டிக்கொண்டே வந்தான். தன் தடியைத் தூக்கிப் பிடித்திருந்த தோகிகோ எட்டி நடந்தாள்.

பாலத்துக்கு அடியில் மகான் தாய்ஷி தூங்குகிறார். அவரை எழுப்பிவிடக் கூடாதென்று, கோயில் கோயிலாக நடக்கிற யாத்திரிகர் எவரும் பாலத்தில் தடியை ஊன்ற மாட்டார்கள். இந்த ஷிகோகு தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. அப்படியானால் இவன் யார்?

காலையில் சத்திரக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. "புயல் வருதுக்கா, இன்னைக்கு இருந்துட்டுப் போங்க. யாத்திரைக்காரங்க மாதிரியே வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டு வழிப்பறிக்காரன் ஒருத்தன் வேற சுத்துறானாம்."

"எங்கிட்ட என்ன இருக்கு? ரெண்டு சோத்துருண்டையும் மூட்டு வலியும்தான். வேணும்னா வலியை எடுத்துக்கட்டும்!" என்று வீறாப்பாய்க் கிளம்பியவள்தான் தோகிகோ. அந்த வீறாப்பெல்லாம் இப்போது மழையோடு போய்விட்டது.

செப்டம்பர் பிறந்தால் இந்தக் கரைக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பட்டப்பகலே இருட்டிக் கிடந்தது. போன புயலில் கடல் தடுப்புச் சுவர் இடிந்த இடங்களில் அலை நேராகச் சாலைக்கே ஏறி வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடு இல்லை.

அவள் நின்றால் அவனும் நின்றான். நடந்தால் மறுபடி டக், டக். திரும்பிப் பார்த்தாள், அதே வெள்ளை உடுப்பு, முகத்தை மறைக்கும் கூடைத் தொப்பி.

ஒளியலாம் என்றால், அடிக்கு அடி கிலுகிலுக்கும் தன் தடி மணியே காட்டிக்கொடுத்துவிடும். கழுத்துத் துண்டை அவிழ்த்து மணியை இறுகச் சுற்றினாள். சாலையோரப் பேருந்து நிழற்குடைக்குள் புகுந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கினாள். 'தாய்ஷி, காப்பாத்துப்பா.'

தடிச் சத்தம் நின்றது. பிறகு இந்தப் பக்கம் நாலு தட்டு, அந்தப் பக்கம் நாலு தட்டு என்று தடுமாறி, வேகமாகி, இடிந்த சுவர்ப் பக்கமாய்ப் போய்த் தேய்ந்தது. ஒழிந்தான் என்று அவளுக்கு உயிர் வந்தது.

அப்போது அலை இரைச்சலுக்கு நடுவே ஒரு கிழவரின் குரல் அழுதது.

"மணியோட முன்னால போன தாயே, எங்கம்மா இருக்கீங்க? எனக்குக் கண்ணு தெரியாதும்மா!"