சங்கிலி கேட்ட ஓசை

ரெஜினாவின் மோட்டார் சைக்கிள் சங்கிலி கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டேதான் ஓடும். தான் கத்துவதால்தான் பின்சக்கரம் சுழல்கிறது என்று அது மனதார நம்பியிருந்தது.

"நான் வாயை மூடினால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், அண்ணே," என்று பல்சக்கரத்திடம் அடிக்கடி சொல்லும். பல்சக்கரம் மறுத்துப் பேசாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெஜினா வண்டியை வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பிரஷ்ஷால் சங்கிலியின் அழுக்கைத் தேய்த்தெடுத்து, துணியால் துடைத்தாள். பிறகு பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியபடியே ஒவ்வொரு கண்ணிக்கும் எண்ணெய் விட்டாள்.

மாலையில் வண்டி கிளம்பியது. சங்கிலி கத்திப் பார்த்தது, கிரீச்சிடவே முடியவில்லை.

"அண்ணே, போச்சு. வண்டி நிற்கப்போகிறது," என்று நடுங்கியது.

"போய்க்கொண்டுதானே இருக்கிறோம்," என்றது பல்சக்கரம்.

உண்மைதான். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பாலத்து இறக்கத்தில் ரெஜினா வழக்கம்போல என்ஜினை அணைத்து வண்டியை உருளவிட்டாள். என்ஜின் சத்தமும் அடங்கியதும் ஓர் ஓசை வந்தது. எங்கிருந்தோ பெரிதாக எழுந்து, சரிந்து, அடங்கி, மறுபடியும் எழுந்தது. சங்கிலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"யார் அது, அண்ணே?"

"கடல். தினமும் இதன் ஓரமாகத்தான் போகிறோம்."

அந்த ஓசை எழுந்து அடங்குவதையே சங்கிலி கேட்டுக்கொண்டு போனது. பிறகு மெதுவாகக் கேட்டது:

"இறக்கம் இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது, அண்ணே?"