பதினொரு நிமிஷ மெமோ

கிளார்க் கலையரசியின் மேஜையில் இருந்த ஆபீஸ் கம்ப்யூட்டர், பக்கத்தில் கிடந்த அவளுடைய செல்போனை ஏளனமாகப் பார்த்தது.

"உங்க கலையரசி அம்மாவுக்கு மெமோ வந்திருக்காமே! வெள்ளிக்கிழமை என் நெட்ல பதினொரு நிமிஷம் சொந்த வேலை பார்த்தாங்களாம்."

"என்ன பெரிய சொந்த வேலை? பையனுக்குக் காதுவலி. டாக்டருக்கு டோக்கன் போட்டாங்க. அதுவும் சாப்பாட்டு நேரத்துல!"

"இருந்தாலும் ஆபீஸ் வேற, வீடு வேற."

செல்போனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார்கிட்ட சொல்ற? அவங்க சாப்பிட உட்கார்ந்தா போதும், 'ஸ்டாக் லிஸ்ட் உடனே அனுப்பு'ன்னு உன் மேனேஜர் என்னை அலற வைக்கிறாரே, நான் என்ன ஆபீஸ் போனா? அந்த மெமோ எங்கே வந்துச்சு தெரியுமா? நேத்து ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டு நெட்ல, என்கிட்டதான் வந்துச்சு! அரைச்ச மாவை வழிச்சுக்கிட்டு இருந்தவங்க, அந்தக் கையோடயே என்னை எடுத்துப் படிச்சாங்க. இதோ பார், முதுகுல காய்ஞ்ச மாவு!"



அதற்குள் கலையரசி வந்து உட்கார்ந்து, மெமோவுக்கு விளக்கம் டைப் அடிக்கத் தொடங்கினாள். 'ஐயா' என்று அடித்து முடிப்பதற்குள் செல்போன் அலறியது. மேனேஜர்தான் செய்தி அனுப்பியிருந்தார்.

'மெமோவுக்குப் பதில் எழுதுவது உங்கள் சொந்த வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுத வேண்டாம். வீட்டுக்குப் போனதும் எழுதி, உங்கள் போனிலிருந்து இன்றைக்கே அனுப்பவும்.'