கொடிக்காரர் திட்டினார்

“என் முதுகையே பார்த்துக்கிட்டு வர்றீங்களே, அதுல என்ன சினிமாவா ஓடுது? முன்னாடி போங்கம்மா!”

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தைந்து கிலோமீட்டர் தேனாய்ப் பேசிக்கொண்டு வந்த மனுஷர், இப்படித் தேளாய்க் கொட்டினால்?

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம் அது. இலையுதிர் காலத்துக் காலை. சாலை முழுக்கப் பழுத்த இலைகள். ‘5 மணி நேரம்’ என்று எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல் ஒரே வேகத்தில் ஓடுவதுதான் கொடிக்காரர் வேலை. அவரை ஒட்டியே ஓடினால் போதும், ஐந்து மணி நேரம் முடிவதற்குள் எல்லைக்கோட்டைத் தொட்டுவிடலாம். அவர் தாண்டிப் போவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் தங்கள் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

ஐந்து மணி நேரத்துக்குள் வந்தால் பதக்கம். பிந்தினால் ஒரே ஒரு வாழைப்பழம்.

தையல்காரி இரண்டு வருஷமாகப் பழத்தோடு வீடு திரும்பியவள். போன தடவை நாற்பது விநாடியில் பதக்கம் போயிற்று. அன்றிலிருந்து கொழுந்தனார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அண்ணி, பழம் ஏதாவது இருக்கா?” என்றுதான் கேட்பார்.

‘நாள் முழுக்க மெஷின் மிதிக்கிற காலுக்கு ஓடத் தெரியாதா?’ என்று ரோஷத்தோடு வந்திருந்தாள். இந்தத் தடவையும் பழம்தான் என்றால் ஷூவைக் குப்பையில் போட்டுவிடுவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டாள்.

கொடிக்காரர் பின்னால் தையல்காரி, ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு வாத்தியார் என்று மொத்தம் பதினொரு பேர். அலுப்புத் தெரியாமல் இருக்க அவர் கதை அளந்துகொண்டே வந்தார்.

“ஒரு வருஷம் எதிர்க்காத்து பாருங்க, மூணு மணி நேரம் விடாம ஓடினேன். நிமிர்ந்து பார்த்தா, புறப்பட்ட இடத்துலயே நிக்கிறேன்!”

“அப்புறம் எப்படிண்ணே போய்ச் சேர்ந்தீங்க?” என்றார் பஸ் டிரைவர்.

“திரும்பி நின்னேன். காத்தே தூக்கிட்டுப் போய் வீட்டுல விட்டுடுச்சு.”

கணக்கு வாத்தியார் சிரித்துச் சிரித்து இருமினார். இந்தக் கூத்தில் தூரம் போனதே தெரியவில்லை. பத்தாவது கிலோமீட்டரில் தையல்காரி தன் வாழைப்பழக் கதையைக்கூட அவரிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தாள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் திடீரென்று பேய் பிடித்தது.

“டிரைவர் சார், கண்டக்டர் விசில் அடிச்சாத்தான் வண்டியை எடுப்பீங்களோ?”

“ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?” என்றார் வாத்தியார்.

“உங்க பின்னாடி பிரம்போட ஒருத்தன் ஓடி வரணுமா? கடிகாரம் கட்டியிருக்கீங்கல்ல? பார்த்து ஓடுங்க!”

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. “அடப்பாவமே, ஒரு நிமிஷம் பிந்திட்டோம்! கொடியே மெதுவா ஓடுதுங்க!”

“ஐயோ அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்க” என்று தையல்காரி கெஞ்சினாள்.

கொடிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன வருஷம் பழம், இந்த வருஷமும் பழம்தான். தின்னுட்டுத் தோலை மட்டும் ரோட்டுல போட்டுடாதீங்கம்மா.”

நம்பிச் சொன்ன கதை! தையல்காரிக்குக் காதெல்லாம் சுட்டது.

“சரிதான் போய்யா! உன் கொடி இல்லாட்டி எங்களுக்கு வழி தெரியாதா?”

அவள் பாய்ந்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு வசவை எறிந்துவிட்டுப் பாய்ந்தார்கள். “கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் தாண்டக் கூடாது, என்கூட வாங்க” என்று வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்லிக்கொண்டே ஓடினார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பதாவது கிலோமீட்டரில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோபம்தான் ஓடியது. காலும் கூடவே போயிற்று, அவ்வளவுதான்.

நான்கு மணி நேரம் ஐம்பத்தொன்பது நிமிஷம் பதிமூன்று விநாடி.

கழுத்தில் பதக்கம் விழுந்தது. பதினொரு பேருக்கும் விழுந்தது. பஸ் டிரைவர் பதக்கத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு அழுதார்.

தையல்காரி வீட்டுக்குப் போகவில்லை. அந்த மனுஷர் வரட்டும், மூஞ்சிக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பத்துப் பேரும் பக்கத்திலேயே நின்றார்கள்.

ஒரு மணி நேரம் பிந்தி வந்தார் கொடிக்காரர். ஓடிக்கூட அல்ல, கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி நடந்து.

போட்டி நடத்துகிறவர் கொடியைப் பிடுங்கினார். “பதினேழு வருஷத்துல ஒரு நிமிஷம் பிந்தாத ஆளு! இன்னிக்கு என்ன கேடு உமக்கு? அடுத்த வருஷம் கொடி வேற ஆளுக்குத்தான்.”

“சரிங்க” என்றார் கொடிக்காரர். “பழமாவது குடுங்க.”

“நல்லா வேணும்!” தையல்காரி கயிற்றைத் தாண்டி வந்தாள். “கூட வந்தவங்களை வாய்க்கு வந்தபடி பேசினீங்கள்ல?”

அவர் அவள் கழுத்தைப் பார்த்தார். பதினொரு கழுத்துகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார். பழத்தை உரித்தார்.

முதலுதவிக்காரர் ஐஸ் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“யோவ், அங்கேயே படுத்துக் கிடன்னு சொன்னேனா இல்லையா? நல்லாக் கேளுங்கம்மா இவரை! முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்லயே கெண்டைக்கால் கல்லா இறுகிப் போச்சு. ‘கூட வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னய்யா?’ன்னு கேட்டா, ‘சொன்னா அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தர்கூட என்னை விட்டுட்டு ஓடமாட்டாங்க, அவ்வளவு நல்லவங்க, அதான் திட்டி விரட்டிட்டேன்’கிறாரு!”