ராஜாத்தி வந்த வழி

மனிதனுக்கு நன்றி என்றால் என்னவென்று கற்றுக்கொடுக்கவே ஆண்டவன் குதிரையைப் படைத்தான்.

இந்த மகா வாக்கியத்தை அருளியவர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. தலையில் வலது பக்கம் வெட்டி முடிந்திருந்தது; இடது பக்கம் பாக்கி.

"ஆடாம அருளுங்கண்ணே, காது போயிடும்," என்றார் முடிதிருத்துபவர்.

அருளியவர் ஆயுசு முழுக்கக் குதிரைப்படை லாயத்தில் குதிரைக்காரராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களை லாயத்துக்குள் விடக்கூடாது என்பது விதி. அதனால் வெளிவாசல் வரை போய், காவலாளியிடம் "ராஜாத்தி ஒழுங்கா தின்றாளா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். ராஜாத்தி, குட்டியாக அவர் கையில் வந்து விழுந்த குதிரை.

"நான் இல்லாம அவ இளைச்சுப் போயிருப்பா. ஒருநாள் கயித்த அறுத்துக்கிட்டு என்னைத் தேடி வருவா பாரு. என் குரலைக் கேட்டா போதும், ஓடுற ஓட்டத்துல நின்னுடுவா."

வாசல் பெஞ்சில் காய்கறிப் பையோடு காத்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "பெத்த பிள்ளைக்கே நம்ம போன் நம்பர் மறந்து போச்சு. குதிரை வருதாம் தேடிக்கிட்டு! வழியில யார்கிட்டயாவது விலாசம் விசாரிக்குமோ?"

முடிதிருத்துபவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தரியைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆள் அனுப்பினா வரமாட்டார். அந்தக் குதிரைக்கு வயித்துவலின்னா வைக்கோல்லயே படுத்துக் கிடப்பார். அப்புறம் அவன் எப்படிப் பேசுவான்?"

"பெத்தது மறக்கும்டி," என்றார் குதிரைக்காரர். "வளர்த்தது மறக்காது."

வெளியே எங்கோ 'டமார்' என்றது.

வரப்போகும் ஒரு பெரிய மனிதருக்காக மைதானத்தில் மரியாதை வேட்டு ஒத்திகை. வேட்டு மரியாதையாகத்தான் வெடித்தது. இரண்டு குதிரைகள்தான் மரியாதை தெரியாமல், முதுகில் இருந்த வீரர்களை மண்ணில் இறக்கிவிட்டுக் கடைவீதிக்குள் பாய்ந்தன.

பஸ் கண்ணாடி நொறுங்கியது. தள்ளுவண்டி சாய்ந்து ஆரஞ்சுகள் ரோடெங்கும் உருண்டன. பின்னாலேயே ஜீப்பில் குதிரைப்படை அதிகாரி, ஒலிபெருக்கியோடு. "பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்!" அந்தக் குரலைக் கேட்டுத்தான் பாதிப் பேர் பீதியடைந்தார்கள்.

"வந்துட்டாடி!" நாற்காலியிலிருந்து குதித்த குதிரைக்காரர், கழுத்துத் துணி பறக்க நடுரோட்டுக்கு ஓடினார்.

"ஐயோ, என்னங்க! நில்லுங்க!"

இரண்டும் வெள்ளைக் குதிரைகள். ஒரே உயரம், ஒரே மாதிரி வெட்டிய வால். எது எதுவென்று அதிகாரிக்கே தெரியாது. அந்தப் படையின் பெருமையே அதுதான்.

குதிரைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். "ராஜாத்தி! அம்மா! நான்தாண்டி!"

முன்னால் வந்த குதிரை வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் தோளில் மோதிக் கீழே தள்ளிவிட்டு, வீதி முனையில் திரும்பி மறைந்தது.

பின்னால் வந்தது நின்றது. வாயில் நுரை, கால்களில் நடுக்கம். மெல்லத் தலையைத் தாழ்த்தி, தரையில் கிடந்தவரின் மார்பில் மூக்கை வைத்தது.

அவர் எழுந்து அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல," என்றார். கண்ணீர் வழிந்தது.

பார்த்தவர்களும் அழுதார்கள். கண்ணாடி போன பஸ்ஸின் டிரைவர் அழுதார். பழக்காரர் ஒரு கையால் கண்ணைத் துடைத்து, மறு கையால் ஆரஞ்சு பொறுக்கினார். அதிகாரியோ ஒலிபெருக்கியிலேயே உருகினார்.

"பாருங்கள் பொதுமக்களே! வளர்த்த கையை மறக்காத வாயில்லா ஜீவன்! இதுதான் எங்கள் பயிற்சி! பெரியவரே, இன்றுமுதல் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் லாயத்துக்கு வரலாம். உங்கள் ராஜாத்தியைப் பார்க்க உங்களைத் தடுக்கும் விதி எதுவும் கிடையாது!"

கைதட்டல் பறந்தது. செல்போன்கள் உயர்ந்தன. "அண்ணே, வெட்டின பக்கத்தைக் காட்டுங்கண்ணே!" என்று கெஞ்சினார் முடிதிருத்துபவர். அவர் தொழில் மானம் அவருக்கு.

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் கழுத்தில் தொங்கிய துணியாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"என் நாக்குல தீயை வைக்க. வாய்க்கு வந்தபடி பேசிட்டேங்க. அவன் மறந்தா மறந்துட்டுப் போறான், விடுங்க. இத்தனை ஜனத்துல உங்களைக் கண்டுபிடிச்சு வந்து நிக்கிறாளே உங்க ராஜாத்தி, அது போதும் நமக்கு."

அவர் குதிரையின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. மனைவி காதில் மட்டும் விழும்படி மெதுவாகச் சொன்னார்:

"இது யாருன்னே எனக்குத் தெரியாதுடி. இடிச்சுத் தள்ளிட்டுப் போனாளே, அவதான் ராஜாத்தி."