ரொட்டிப் பொட்டலம்

ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து நடந்து வந்ததில் பேச்சாயிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பசியில் காது அடைத்தது. மடியிலிருந்த ரொட்டியை அவள் தொடவில்லை.

கண்டி வாசிகசாலையில் தேயிலைத் தோட்டப் படங்களின் கண்காட்சி. கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் படத்தை விட்டு அவள் நகரவே இல்லை.

"யாரு இது?" என்றார் காவலுக்கு நின்ற ஸவாஹிர்.

"எம் மக மூக்காயி, நானா," என்றாள் பேச்சாயி, அவரை அண்ணன் முறை வைத்து.

"புதுச் சேலை! துரைசானி தோத்தா போ."

"படம் புடிக்க வந்தவங்க குடுத்தது. புடிச்சதும் அவுத்து வாங்கிட்டாங்க. ஒரே அழுகை. தீவாளிக்கு நான் எடுத்துத் தர்றேன்னேன்."

"அவளையும் கூட்டிக்கிட்டு வந்தீக்கலாம்தானே?"

பேச்சாயி மடியை அவிழ்த்து, ரொட்டியைப் படத்துக்குக் கீழே தரையில் வைத்தாள்.

"இங்க திங்க ஏலா! வெளிய கொண்டுபோங்க!"

"நான் திங்க இல்லே, நானா. தீவாளிக்கு முந்தியே காய்ச்சல்ல போயிட்டா. இன்னிக்கு அவளுக்குத் தெவசம். வச்சுக் கும்பிட லயத்து வீட்டுல அவ படம் இல்லே."

ஸவாஹிர் போய் வாசல் கதவைச் சாத்தினார்.

கும்பிட்டு எழுந்தவள் படத்திலிருந்த முந்தானையை விரலால் தடவினாள்.

"உனக்கு நான் சொன்ன சேலை இன்னும் பாக்கி, தாயி."