தோளில் சாய்ந்தவள்

புருசன் ரமேஸின் சட்டைத் தோளில் சிவப்பாய் ஒரு கறை. சுதர்ஷினி சவுக்காரம் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். சிவப்பு பழுப்பானதே தவிர, கறை போகவில்லை.

உதட்டுச் சாயம்தான், வேறென்ன? தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற விதுர்ஷா கடைக்குப் போனால்கூட வாயில் பூசிக்கொண்டுதான் போவாள். பொழுது சாய்ந்தால் இவனுக்கும் அந்தப் பக்கம்தான் கால் போகிறது. பசறையில் நாத்தனார் வீட்டில் இருக்கிற மாமியாரைப் போய்ப் பார்க்காதே என்றதற்கே மறுபேச்சில்லாமல் தலையாட்டின மனுசன், இப்படியா மாறுவான்? அன்றிலிருந்து முதுகைக் காட்டித்தான் படுத்தாள்; அவன் துணியைக்கூடத் தொடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டித் தோளில் சுமந்து வந்தவனுக்கு, செவ்வாய்க்கிழமை கழுத்தும் தோளும் கொப்புளம் கொப்புளமாய்ப் பொங்கிவிட்டன. வெட்டின இடத்தில் வடிகிற பால் கறுத்துப்போனால் அந்த மரத்தைத் தொடவே கூடாது என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் திட்டித்தான் மருந்து கொடுத்தார்கள்.

“சட்டையிலயும் அந்தப் பால் பட்டிருக்கும். இந்தத் தோள்ல யாராவது சாஞ்சிருந்தா அவங்களுக்கும் இதே கதிதான்” என்றார் மருந்து கொடுத்தவர், கூடப் போயிருந்த சுதர்ஷினியிடம்.

சுதர்ஷினிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விறகை இறக்கிப் போட்ட கையோடு அவன் மேல் லயத்துக்குத்தானே ஓடினான். இன்றைக்குக் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கும் விதுர்ஷா வேலைக்கு வரவில்லை. வரட்டும் வராமல் போகட்டும், சாட்சி அவள் மூஞ்சியிலேயே இருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

கதவைத் திறந்த விதுர்ஷாவின் முகத்தில் ஒரு பருகூட இல்லை. சுதர்ஷினிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“சத்தம் போடாதீங்க அக்கா. பசறையில மகளும் வெச்சுக்கலன்னு ஒரு மாசமா இங்கதான் இருக்காங்க” என்று விதுர்ஷா உள்ளே காட்டினாள்.

கட்டிலில் மாமியார் இராக்கம்மா. ஒரு கன்னமும் இரண்டு கைகளும் கொப்புளித்து, கண்கள் வீங்கி மூடிக்கிடந்தன. வாய் மட்டும் சிவப்பாய் எச்சில் வழிய வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது.

காலடிச் சத்தம் கேட்டுக் கிழவி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

“யாரும்மா அது? எம் மகன் என்னைய முதுகுல தூக்கிக் குளிக்கக் கொண்டு போறது மருமகளுக்குத் தெரிய வேணாம்.”