திசைகாட்டி மேல் ஒரு பேனா

விமானத்தின் கண்ணாடிக்கு வெளியே மேகம்தான். கீழே இறங்க இடமில்லை, அங்கேயே வட்டமிடுங்கள் என்றது கட்டுப்பாட்டறைக் குரல். வரும் திசையைப் பொறுத்து அந்த வட்டத்துக்குள் நுழைய மூன்று வழிகள் உண்டு. தவறினால் பக்கத்திலேயே மலை. துணை விமானி நாச்சியார் திசைகாட்டியின் மீது பேனாவைக் குறுக்கே வைத்துப் பார்த்துச் சரியான வழியைச் சொன்னாள். கேப்டன் ஜெரோம் பிசகாமல் நுழைந்தார். அது ஏழு சுற்றுகளுக்கு முன்பு. கேட்கும்போதெல்லாம் குரல், இன்னும் ஒரே ஒரு சுற்று என்கிறது. எரிபொருள் தீரப்போகிறது என்று அவர் கத்தியபோதும் அதே நிதானத்தில் அதையே சொன்னது. நாச்சியார் மறுபடி பேனாவை எடுத்துத் திசைகாட்டியின் மீது வைத்தாள்.

“அதான் உள்ள வந்துட்டோமே, இன்னும் என்ன பாக்குறீங்க?”

“வெளிய போக ஒரு வழியாவது இருக்கான்னு பாக்குறேன் சார்.”

யாரும் தொடாமலே விமானம் எட்டாவது சுற்றுக்கு வலப்பக்கம் சாயத் தொடங்கியது.